பஸ் ஓடுகிற வரைக்கும்

டிரைவர் வண்டியை எடுத்ததும் அந்த ஆட்டம் நின்றுவிட்டது. எப்போதும் அப்படித்தான். நாசரேத் பஸ் ஸ்டாண்டில் காலை எட்டே முக்கால் வெயிலில் நின்ற நேரமெல்லாம் காலடியில் சிமிண்டுத் தரை மெதுவாக ஏறி மெதுவாக இறங்கிக்கொண்டே இருந்தது, யாரோ தரைக்குக் கீழே படுத்து மூச்சு விடுகிற மாதிரி. மகன் ஜெபசிங் துண்டு போட்டுப் பிடித்துவைத்த ஜன்னலோர சீட்டில் வந்து உட்கார்ந்த பிறகு சீட்டும் ஏறி இறங்கியது. பஸ் ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பி மரக்கடையைத் தாண்டியதும், இல்லை. எங்கே போனதென்று தெரியாமல் போய்விட்டது. தங்கபுஷ்பம் கண்ணை மூடிக்கொண்டாள். மூட வேண்டிய தேவை இல்லை. முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். அதற்கும் தேவை இல்லை. "எம்மா, ரொம்பச் செய்யுதா?" என்று ஜெபசிங் குனிந்து கேட்டான். "செய்யுதுய்யா" என்றாள். அவன் தோளை அவள் பக்கம் நகர்த்திவைத்து, "சாஞ்சுக்கிடுங்க" என்றான். சாய்ந்துகொண்டாள். சட்டையில் இஸ்திரிப் பெட்டியின் சூட்டு வாசனை இன்னும் இருந்தது. பள்ளிக்கூட ஆபீசில் இன்றைக்கும் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறான். நாற்பது வயதுப் பிள்ளை. அவனிடம் பொய் சொல்லுகிறோம் என்ற நினைப்பு வந்தது, கடைவாசலில் பழக்கமான ஆளைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்தாள், அதுவும் அவளைப் பார்த்துவிட்டுப் போனது.

நிற்பது எப்படி இருக்கும் என்று முன்னால் அவளுக்குத் தெரியாது. வெளியே வாழை ஓடியது, வாய்க்கால் ஓடியது, ஆழ்வார்திருநகரி வளைவும் கரண்டுக் கம்பமும் சைக்கிளில் வந்த ஒரு ஐயரும் ஓடினார்கள், கண்ணிமைக்குள் வெளிச்சமும் நிழலும் மாறி மாறி அடித்தன, அத்தனைக்கும் நடுவில் அவளுக்குள் ஒன்றும் அசையவில்லை. முன்பென்றால் ஸ்தோத்திரம் சொல்லியிருப்பாள். இப்போதும் அந்தச் சொல் வாய்க்குள் வந்தது, ஆனால் தண்ணீர் இல்லாமல் போட்ட மாத்திரை மாதிரி நாக்கிலேயே கிடந்தது. ஜெபம் பண்ணாமல் இல்லை. காலையில் நாலரைக்கு எழுந்து முழங்கால் போடுகிறாள், முழங்காலுக்குக் கீழே பாய் ஏறி இறங்குகிறது, மகனுக்காக, மருமகளுக்காக, மகள் ஜெமிமாவுக்காக, ஜெமிமா வயிற்றில் இருக்கிறதுக்காக என்று வரிசையாகச் சொல்லி முடித்து ஆமென் போடுகிறாள், எழும்பும்போது பீரோவைப் பிடித்துக்கொள்ளுகிறாள். அழுகை வந்தால்கூட நன்றாக இருக்கும் என்று ஒரு நாள் தோன்றியது. வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வந்து அவளுக்காக அழுதாள், தங்கபுஷ்பம்தான் அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். டம்ளரில் காப்பி அசையாமல் இருந்ததை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தரை ஆடுகிறதென்றால் காப்பி ஆட வேண்டாமா? ஆடவில்லை. அப்போ ஆடுகிறது நான்தான். அதுவும் கண்ணாடியில் பார்த்தால் ஆடவில்லை.

கப்பலில் போனதுதான். வேறு ஒன்றும் இல்லை. மகள் ஜெமிமாவும் மருமகனும் போர்ட்பிளேயரில் இருக்கிறார்கள், மருமகனுக்குத் துறைமுக ஆபீசில் வேலை, பிள்ளை உண்டாகி நாலு மாதம், சோறு இறங்கவில்லை என்று போனில் அழுதாள். "பிளேன்ல வாங்கம்மா, ரெண்டு மணி நேரம்" என்றாள். ஆகாயத்தில் தொங்கிக்கொண்டு போக எனக்கு மனசில்லை, கப்பலில் வருகிறேன் என்று நாரத்தங்காய் ஊறுகாயும் முறுக்கு டின்னுமாகச் சென்னையில் ஏறினாள். மூன்று நாள். எல்லோரும் கவிழ்ந்து விழுந்தார்கள். பெரிய மீசை வைத்த போலீஸ்காரர் ஒருவர் பிளாஸ்டிக் கவருக்குள் முகத்தை விட்டவர் எடுக்கவே இல்லை. தங்கபுஷ்பத்துக்கு மட்டும் ஒன்றும் செய்யவில்லை. எலுமிச்சம்பழத்தை அறுத்து அறுத்துக் கட்டில் கட்டிலாகக் கொண்டு கொடுத்தாள், ஒருத்திக்கு முதுகைத் தடவினாள், சாப்பாட்டுக்கூடத்தில் வேலை பார்த்த தங்கச்சிமடத்துக்காரன் ஒருவன், "பெரியம்மா, நீங்க இங்கயே வேலைக்குச் சேந்துருங்க, எங்க கேப்டனே ரெண்டாம் நாள் படுத்துட்டாரு" என்றான். சிரித்தாள். அந்த மூன்று நாளும், திரும்பி வந்த மூன்று நாளும், சொல்லப்போனால் ஒரு பெருமைகூட இருந்தது. அந்தப் பெருமைக்குத்தான் இது என்றும் ஒரு நாள் நினைத்துப் பார்த்தாள். அப்படி நினைத்தபோதும் மனசில் ஒன்றும் குத்தவில்லை. சென்னையில் இறங்கி ரெயிலேறி வரும்வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. வீட்டு நடையில் காலை வைத்ததும் தரை வழுக்கிக்கொண்டு இடப்பக்கம் போய்த் திரும்பி வந்தது. ரெண்டு நாளில் சரியாகும் என்றார்கள். அந்த ரெண்டு நாள்தான் நாலு மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

"தலை சுத்துதா?" முதல் டாக்டர் அப்படித்தான் கேட்டார். ஆமாங்க என்றாள். வேறு என்ன சொல்ல? உலகத்தில் எல்லோருக்கும் தலைதான் சுற்றுகிறது, அதற்குத்தான் சொல் இருக்கிறது. ஆனால் ஒன்றும் சுற்றவில்லை. சுவர் சுவராக நின்றது, காற்றாடி காற்றாடியாகச் சுற்றியது. தளும்புகிறது, அவ்வளவுதான். இடுப்பில் வைத்த குடத்தில் தண்ணீர் இப்படிப் போய் அப்படி வருமே, அதுபோல உடம்புக்குள் ஒரு தண்ணீர். அதை எப்படி வரிசையில் பதினெட்டு பேர் காத்திருக்கிற டாக்டரிடம் சொல்லுவது? அவர் தலைசுற்று மாத்திரை எழுதினார். வாய் உலர்ந்தது, தளும்பல் நிற்கவில்லை. இரண்டாவது டாக்டர் தூத்துக்குடியில், காது டாக்டர், கட்டிலில் உட்காரவைத்துச் சட்டென்று சாய்த்துத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார், காதுக்குள் கல் விலகியிருக்கும் என்றார். கல் எதுவும் விலகியிருக்கவில்லை. மூன்றாவது ஆள் மண்டையைப் படமெடுத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா, நல்ல மூளை" என்றார். வீட்டில் வந்து ஜெபசிங் அதைச் சொன்னதும் மருமகள் சுகந்தி வெங்காயம் அரிந்துகொண்டே, "நல்ல மூளைதான், அது நமக்குத் தெரியாதா" என்றாள். ஜெபசிங் சிரிக்காமல் இருக்க உதட்டை மடித்துக்கொண்டான். தங்கபுஷ்பமே சிரித்தாள்.

சுகந்தி கெட்டவள் இல்லை. வாய்தான். ஸ்ரீவைகுண்டத்தில் பஸ் நின்று ஆள் ஏற்றியது, பஸ் நின்றதும் சீட்டுக்கு அடியிலிருந்து அது மெதுவாக எழும்பி வந்தது, இடப்பக்கம், வலப்பக்கம், பிறகு பஸ் கிளம்பியதும் அடங்கியது. சுகந்தியின் வாய் சொன்ன ஒரு சொல்தான் எங்கேயோ மாட்டிக்கொண்டது. இரண்டாவது மாதம், சாத்தான்குளத்துக்குக் கல்யாணத்துக்கு வேனில் போனார்கள். ஏறும்வரைக்கும் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தவள், வேன் ஓட ஆரம்பித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள், எத்தனையோ நாளைக்குப் பிறகு தலைக்குள் அப்படி ஒரு அமைதி, அந்த அமைதியில் ஊர்ப் பெண்டுகளோடு சேர்ந்து கைதட்டிக் கீர்த்தனை பாடினாள், முதல் அடி எடுத்துக் கொடுத்ததே அவள்தான். இறங்கினதும் தரை இழுத்தது, வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். சுகந்தி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எங்க அத்தைக்கு ஊரு சுத்தினா தலை சுத்தாது பாத்துக்கிடுங்க. வீட்டுல கிரைண்டர் சுத்தினாத்தான் சுத்தும்" என்றாள். வேனே சிரித்தது. டிரைவர்கூடச் சிரித்தார். அவளும் சிரித்தாள். அன்றைக்குத் திரும்பி வரும்போது வேனில் கண்ணை மூடிக்கொண்டாள். பாடவில்லை. முன்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, கையே போய்ப் பிடித்துக்கொண்டது. நிஜமாக ஆடுகிறபோது நம்பாதவர்கள், ஆடாதபோது ஆடுகிற மாதிரி உட்கார்ந்தால் நம்பினார்கள். சுகந்தியே தண்ணீர் பாட்டிலை நீட்டி, "குடிங்க அத்தே" என்றாள். அதற்குப் பிறகு டாக்டர்களிடமும் அப்படியே சொன்னாள். பஸ்ஸில் வந்தால் கூடுதலாகச் செய்யும்ங்க. எழுதிக்கொண்டார்கள். எழுதினதை மாற்ற முடியுமா? மாதத்தில் முதல் ஞாயிறு திருவிருந்தில் அப்பம் வாங்க எழும்பாமல் பெஞ்சிலேயே இருந்துவிடுகிறாள். பாவம், நடக்க முடியவில்லை என்று போதகரம்மா சொன்னாளாம். நடக்க முடியும். பொய்யை வைத்துக்கொண்டு கையை எப்படி நீட்டுவது? அதுதான். அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

இன்றைக்கு இவர்தான் கடைசி என்று ஜெபசிங் சொல்லிவிட்டான். பாளையங்கோட்டையில் புதிதாக வந்திருக்கிற டாக்டரம்மா, தலைசுற்று மட்டுமே பார்க்கிறவளாம். இங்கேயும் ஒன்றும் இல்லை என்றால், ஜெமிமாவைப் பிரசவத்துக்கு மார்த்தாண்டத்துக்குப் போகச் சொல்லிவிட வேண்டியது, அவள் மாமியார் வீட்டுக்கு. எட்டு மாதம் முடிந்துவிட்டது, அடுத்த வாரம் வந்து இறங்க வேண்டும். மாமியார் நல்லபடியாகத்தான் போன் பண்ணினாள். "மதினி, ஒண்ணும் நெனச்சுக்கிடாதீங்க. தலை சுத்துதவங்க கையில பச்சப்பிள்ளைய எப்படிக் குடுக்க? குளிப்பாட்டும்போது ஒரு நிமிஷம் போதாதா?" போதும்தான். தங்கபுஷ்பமும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் குளிப்பாட்டாத பிள்ளை அந்தத் தெருவில் இல்லை. எண்ணெய் தேய்த்த பிள்ளை மீன் மாதிரி வழுக்கும், வெந்நீர், ஈரத்தரை, எழும்புகிறாள், தரை இடப்பக்கம் போகிறது, கை. அந்தக் கைக்கு அப்புறம் என்ன என்று நினைப்பு போகாது. அங்கே வந்து முட்டி நின்று, மறுபடி எண்ணெய், வெந்நீர், ஈரத்தரை. செய்துங்கநல்லூர் ரெயில்வே கேட் அடைத்திருந்தது. பஸ் நின்றது. தளும்ப ஆரம்பித்தது. வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவள் ஜன்னலோரமாக வந்து, "ஆச்சி, பிஞ்சு வேணுமா?" என்றாள், அவள் முகம் ஏறி இறங்கியது. பின்சீட்டில் யாரோ, "கேட்டுக்காரன் வீட்டுக்குப் போய்ட்டானோ, கூப்பிட்டுப் பாருங்கய்யா" என்றான். இப்போது கண்ணைத் திறந்து மகனிடம் சொல்லலாம். எய்யா, இப்பத்தான் ஆடுது, ஓடும்போது ஆடாது. ஒரு வரி. சொன்னால் அவன் என்ன நினைப்பான்? இத்தனை தடவை தோளைக் கொடுத்தானே. ரெயில் போனது. கேட் திறந்தது. பஸ் ஓடியதும் எல்லாம் அடங்கியது, சொல்ல வேண்டும் என்பதும் சேர்ந்து அடங்கியது. இந்த பஸ் பாளையங்கோட்டையில் நிற்காமல் அப்படியே போய்க்கொண்டிருந்தால் நல்லது என்று நினைத்தாள். கன்னியாகுமரிக்குப் போனால்கூடச் சரிதான், அங்கேயும் நிற்க வேண்டாம், திரும்பி வரட்டும், டீசல் தீராமல் இருக்கட்டும். கிருஷ்ணாபுரம் தாண்டியது. ஜெபம் பண்ண நினைத்து, என்ன கேட்பது என்று தெரியாமல் விட்டுவிட்டாள்.

டாக்டரம்மா சின்னப் பெண், ஜெமிமாவை விட இளையவளாக இருப்பாள், மேஜையில் பாதி சாப்பிட்ட வாழைப்பழம் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததும் நாற்காலி மெதுவாக எழும்பியது. டாக்டரம்மா பழைய சீட்டுகளை எல்லாம் புரட்டிவிட்டு, "இதெல்லாம் இருக்கட்டும். உங்களுக்கு எப்படி இருக்குன்னு கையால காட்டுங்க" என்றாள். யாரும் இதுவரைக்கும் கையால் காட்டச் சொன்னதில்லை. தங்கபுஷ்பம் வலது கையைக் காற்றில் வைத்தாள், கை தானாக இடப்பக்கம் போய் வலப்பக்கம் வந்தது, போய் வந்தது. டாக்டரம்மா மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். "சுத்தல, இல்லையா? ஆடுது." தங்கபுஷ்பம் தலையை ஆட்டினாள். "எப்ப ஆரம்பிச்சுது?" "கப்பல்ல போய்ட்டு வந்தாங்க டாக்டர், ஆனா கப்பல்ல ஒண்ணும் செய்யல" என்றான் ஜெபசிங். டாக்டரம்மாவின் பேனா நின்றது. "சரி. இங்க பஸ்லதான வந்தீங்க? பஸ் ஓடும்போது எப்படி இருந்துச்சு?" தங்கபுஷ்பம் வாயைத் திறக்கும் முன்னால் ஜெபசிங் சொன்னான். "பஸ்லதான் டாக்டர் ரொம்ப மோசம். கண்ணத் திறக்கவே மாட்டாங்க. கம்பியப் பிடிச்சுக்கிட்டு, என் மேல சாஞ்சுக்கிட்டுத்தான் வருவாங்க. நான் பக்கத்துலயே இருக்கேன், பாக்கேன்ல." நீதிமன்றத்தில் சாட்சி சொல்லுகிறவன் மாதிரி சொன்னான். டாக்டரம்மாவின் முகத்தில் எதுவோ ஒன்று வந்த வழியே திரும்பிப் போவதைத் தங்கபுஷ்பம் பார்த்தாள். "அப்படியா? அப்போ நான் நெனச்சது இல்ல போல" என்று ஏதோ எழுதப் போனாள். எழுதினால் முடிந்தது. இன்னொரு மாத்திரை, மார்த்தாண்டம். காற்றாடி சுற்றியது. இப்போதும் பயம் என்று ஒன்றும் வரவில்லை. வேறு யாரோ பேசுகிற மாதிரித் தன் குரலைக் கேட்டாள். "இல்லம்மா. பஸ்ல எனக்கு ஒண்ணும் செய்யாது."

"எம்மா, என்ன சொல்லுதீங்க?" என்றான் ஜெபசிங். "ஓடும்போது நின்னுரும். வண்டி நின்னா வந்துரும். மொதல்லருந்தே அப்படித்தான். நான் மாத்திச் சொன்னேன். எல்லார்கிட்டயும்." டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். "இதத்தாம்மா நான் தேடுனேன். ஏன் மாத்திச் சொன்னீங்க?" அதற்குச் சாத்தான்குளம் வேனிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். "நம்ப மாட்டாங்கன்னு" என்றாள். அவ்வளவுதான் வந்தது. அப்புறம் டாக்டரம்மா சொன்னதெல்லாம் ஒன்றுக்குப் பின் ஒன்றாக, தெளிவாகத்தான் விழுந்தது. கப்பலில் மற்றவர்கள் உடம்பு கப்பலோடு சண்டை போட்டது, உங்கள் மூளை சண்டை போடாமல் பழகிக்கொண்டது, கரைக்கு வந்த பிறகு பழகினதை விடமாட்டேன் என்கிறது. பெரும்பாலும் உங்கள் வயதுப் பெண்களுக்குத்தான் வருகிறது. ஸ்கேனில் தெரியாது. நோய்க்கு ஒரு பேர் உண்டு, அது தெரியாமல் நடிப்பு என்று நினைத்துப் பல பேரை அனுப்பிவிடுகிறார்கள். ஆடுகிற வண்டியில் ஏறினால் அடங்குகிறது என்பதுதான் இதற்கு அடையாளமே. காதில் கோளாறு இருந்தால் வண்டியில் கூடுதலாகத்தான் செய்யும், அதனால்தான் எல்லோரும் காதையே பார்த்திருக்கிறார்கள். தங்கபுஷ்பம் கேட்டுக்கொண்டிருந்தாள். மகனைப் பார்க்கவில்லை. அவன், டாக்டரிடம் இல்லை, மேஜையிடம் கேட்கிற மாதிரி, "அப்போ நான் பிடிச்சுக்கிட்டு வந்ததெல்லாம்?" என்றான். டாக்டரம்மா கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அது எனக்கு வேண்டியதா இருந்துச்சுய்யா" என்றாள் தங்கபுஷ்பம். அவன் காதுமடல் சிவந்திருந்தது. சின்னப் பிள்ளையில் அடி வாங்கினால் அப்படித்தான் சிவக்கும்.

ஒரு இருட்டறை. முதலில் கண்ணை மூடிக்கொண்டு நின்ற இடத்திலேயே நடக்கச் சொன்னார்கள், திறந்து பார்த்தால் ஜன்னலைப் பார்த்து நின்றவள் கதவைப் பார்த்து நின்றாள். பிறகு ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். சுவர் முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் ஒரே பக்கமாக மெதுவாக ஓடின. டாக்டரம்மா பின்னால் நின்று அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்து, அவள் கையால் காட்டின அதே வேகத்தில், இந்தத் தோள் பக்கம், அந்தத் தோள் பக்கம் சாய்த்தாள். நாலு நிமிடம். ஓய்வு. மறுபடி நாலு நிமிடம். கை குளிர்ச்சியாக இருந்தது, வாழைப்பழ வாசனை அடித்தது. யாராவது இப்படித் தலையைப் பிடித்து எத்தனை வருஷம் ஆயிற்று? கோடுகள் ஓடின. ஒன்றும் நினைக்கவில்லை. விளக்கைப் போட்டு, "எந்திரிச்சு நில்லுங்க, இப்ப எப்படி இருக்கு? பொய் சொல்லாமச் சொல்லுங்க" என்று டாக்டரம்மா சிரித்தாள். நின்று பார்த்தாள். ஆடியது. முன்னைவிடக் குறைவா என்று தேடினாள். குறைவு மாதிரியும் இருந்தது, இருக்க வேண்டும் என்று நினைப்பதால் அப்படித் தெரிவது மாதிரியும் இருந்தது. "தெரியலம்மா" என்றாள். "இதுதான் சரியான பதில். அஞ்சு நாள் வரணும். சில பேருக்கு முழுசாப் போகும், சில பேருக்குப் பாதி, சில பேருக்கு ஒண்ணும் கேக்காது. நான் வாக்குக் குடுக்க மாட்டேன். கேக்கலன்னா மாத்திரை இருக்கு, அதையும் பாப்போம்." பிறகு சீட்டை நீட்டிக்கொண்டே சொன்னாள். "ஒண்ணு முக்கியம். இந்த அஞ்சு நாளும், அதுக்கப்புறம் கொஞ்ச நாளும், பஸ் வேண்டாம், ஆட்டோ வேண்டாம், காரும் வேண்டாம். நாம இங்க கஷ்டப்பட்டுக் குறைக்கிறத வண்டி திரும்பக் கொண்டுவந்துரும். இங்கயே நடந்து வர்ற தூரத்துல தங்க முடியுமா?"

முடியும். சொந்தத்தில் ஒரு கமலபாய் மதினி இருக்கிறாள், அவள் வீடு ரெண்டு தெரு தள்ளித்தான். மகனும் அவளும் வெளியே வந்து நடந்தார்கள். பதினொன்றரை மணி வெயில், ரோட்டில் தார் மின்னியது, ரோடு இடப்பக்கமாகச் சரிந்து நிமிர்ந்தது. ஜெபசிங் ஒரு கை தூரம் தள்ளி நடந்தான், பிடிக்கலாமா வேண்டாமா என்று தெரியாத கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மருந்துச் சீட்டை மாற்றி மாற்றிப் பிடித்தான். ஆட்டோ ஒன்று பக்கத்தில் வந்து மெதுவாகியது. "பெரியம்மா, வெயில்ல எங்க? ஏறுங்க, எங்க வேணும்னாலும் விடுதேன்." என்ஜின் உறுமிய அந்தச் சத்தத்துக்கே உடம்பு போய்ச் சாய்ந்தது, ஒரு ரெண்டு தெருதான், ஒரு நிமிஷம்தான், ஏறினால் எல்லாம் அடங்கிவிடும். "வேண்டாம்யா, நீ போ" என்றாள். அது போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நடந்தாள். ஜெபசிங் தொண்டையைச் செருமி, "ஜெமிமா போன் பண்ணுவா. என்ன சொல்லட்டும்? மார்த்தாண்டத்துக்கே போகச் சொல்லவா?" என்று கேட்டான். குரலில் கோபம் இருந்தது, கோபத்துக்குள்ளே கேள்வியும் நிஜமாக இருந்தது. தங்கபுஷ்பம் நாலு எட்டு வைத்தாள். எண்ணெய், வெந்நீர், ஈரத்தரை என்று நினைப்பு வழக்கம்போல் கிளம்பியது. எழும்புகிற இடத்தில் வந்து முட்டியது. எழும்பாவிட்டால்? "நம்ம வீட்டுக்கே வரச் சொல்லு" என்றாள். "குளிப்பாட்டுறது கால நீட்டி உக்காந்துதான. உக்காந்தா எனக்கு முடியும். நான் எந்திக்கதுக்கு முந்தி என் கையிலருந்து பிள்ளைய வாங்கிக்கிட ஒரு ஆள் வேணும். சுகந்திகிட்ட நானே கேக்கேன். அந்த வேன் விஷயத்தையும் நானே சொல்லுதேன்." "அவ ஏதாவது சொல்லுவா" என்றான். "சொல்லட்டும்." ரோடு அவள் காலடியில் ஏறியது, இறங்கியது. அவன் கேட்காமலே, "ஆடுதுய்யா" என்றாள். அவன் திரும்பி, கண்ணைத் திறந்துகொண்டு நின்ற அவள் முகத்தைப் பார்த்தான். "நெசமாவா?" "நெசமா." மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, பக்கத்தில் வந்து, முழங்கையைக் கொடுத்தான்.